மழைக்காடு இல்லாத ஊரில் என்ன பார்ப்பது? திருகோணமலைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஒவ்வொரு வருடமும் ஜூலை, ஓகஸ்டில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஆறேழு சோடிச் செருப்பாவது கூடுதலாகக் கிடக்கும். யாழ்ப்பாணத்துப் பெரியம்மா குடும்பம், கொழும்பு மச்சான்மார், பள்ளிக்கூட லீவுக்குக் கனடாவில் இருந்து வரும் பிள்ளைகள். கோணேசரைக் கும்பிட்டு முடித்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இனி எங்கே போகலாம்?" காடு, கடல், மிருகம் பற்றி அவர்கள் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த முறை போனில் கேட்பவர்களுக்கு இதையே அனுப்பிவிடலாம்.

திருகோணமலையில் மழைக்காடு இருக்கிறதா?

இல்லை. இலங்கை என்றாலே அடர்ந்த பச்சைக் காடு, அருவி, பாசி படிந்த மரம் என்று படத்தில் பார்த்துவிட்டு வருகிறவர்கள் முதல் நாளே ஏமாந்துபோகிறார்கள். அந்தப் படங்கள் பெரும்பாலும் சிங்கராஜ வனத்தில் எடுத்தவை. அது தீவின் தென்மேற்கில், சப்ரகமுவ மாகாணமும் தென் மாகாணமும் சேரும் பக்கம் இருக்கிறது. 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. அங்குள்ள மரவகைகளில் 60 சதவீதத்துக்கும் மேல் இலங்கைக்கே உரியவை. வருடத்துக்கு 3,600 முதல் 5,000 மில்லிமீற்றர் வரை மழை பெய்யும். எங்களுக்குக் கிடைப்பது சுமார் 1,600. அதிலும் பெரும் பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிடும்.

இரண்டு இடத்துக்கும் ஒரே காற்றுத்தான் கணக்கெழுதுகிறது. மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவக்காற்று கடலில் இருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதி அங்கேயே இறக்கிவிடும். சிங்கராஜா அதைக் குடித்து வளர்கிறது. மலையைத் தாண்டிக் கீழே இறங்கும் காற்றில் ஈரம் இல்லை, சூடுதான் மிச்சம். அந்தக் காற்று எங்கள் ஊருக்கு வரும்போது அதற்குக் கச்சான் என்று பெயர். (கடற்கரையில் ஒருவர் "கச்சான், கச்சான்" என்று கூவினால் அது வறுத்த நிலக்கடலை. குழம்ப வேண்டாம்.) மேற்கே நனைந்துகொண்டிருக்கும் மாதங்களில் எங்கள் கடல் குளம்போலக் கிடப்பதும், எங்கள் காடு சருகு உதிர்த்து நிற்பதும் இதனால்தான்.

அப்படியானால் இங்கே இருப்பது என்ன காடு?

உலர் வலயக் காடு. பாலை, வீரை, முதிரை, கருங்காலி. மெதுவாக வளர்ந்து இரும்பாக இறுகும் மரங்கள். முதிரையில் செய்த கதவும் கட்டிலும் இன்னும் பல வீடுகளில் மூன்று தலைமுறையாக உழைத்துக்கொண்டிருக்கின்றன. ஓகஸ்டில் இந்தக் காட்டைப் பார்த்தால் செத்துப்போனது என்றுதான் நினைப்பீர்கள். டிசம்பரில் வந்து பாருங்கள், அதே இடமா என்று கேட்பீர்கள்.

காய்ந்த காடு என்று குறைவாக எண்ண வேண்டாம். மிருகங்களைக் கண்ணால் காண வேண்டும் என்றால் மழைக்காட்டைவிட இது நல்ல இடம். மழைக்காட்டில் பத்தடிக்கு அப்பால் எது நின்றாலும் இலை மறைத்துவிடும். இங்கே இலையும் குறைவு, தண்ணீரும் குறைவு. இருக்கிற கொஞ்சத் தண்ணீரைத் தேடி எல்லாம் குளத்துக்குத்தான் வந்தாக வேண்டும். நீங்கள் குளக்கட்டில் போய் இருந்தால் போதும்.

எந்த மாதம் வரலாம்?

என்ன பார்க்க ஆசை என்பதைப் பொறுத்தது. நீந்த, புறாமலைக்குப் போக, யானை பார்க்க என்றால் மே முதல் செப்டெம்பர் வரை. திமிங்கிலத்துக்கு மார்ச் முதல் ஓகஸ்ட் வரை சொல்வார்கள்; என் கணக்கில் ஏப்ரல், மே நல்லது. வெளிநாட்டுப் பறவைகளுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை. வாடைக்காற்று அடிக்கும் நவம்பர், டிசம்பரில் கடல் கொந்தளிக்கும், படகு ஓடாது. அந்த மாதங்களில் வந்துவிட்டு "ஒன்றும் பார்க்க முடியவில்லை" என்று என்னைக் கோபிக்கிற உறவினர்களும் உண்டு.

புறாமலை என்கிறார்களே, அது மலையா, தீவா?

தீவு. நிலாவெளிக் கரையில் இருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரத்தில் பெரிதும் சிறிதுமாக இரண்டு பாறைத் தீவுகள். பெரிய தீவின் உச்சி 45 மீற்றருக்குக் கிட்ட இருப்பதால் கரையில் இருந்து பார்க்க மலைதான். பாறை இடுக்குகளில் மாடப்புறாக்கள் கூடு கட்டுகின்றன. கோயில் கோபுரங்களிலும் கச்சேரிக் கூரையிலும் நாம் பார்க்கும் புறாக்களுக்கு மூதாதை இந்தக் காட்டுப் புறாதான். வெள்ளைக்காரர் காலத்தில் இந்தத் தீவைப் பீரங்கிச் சூட்டுப் பயிற்சிக்கு இலக்காக வைத்திருந்தார்கள். அதையும் தாண்டிப் புறாக்கள் மிஞ்சியிருக்கின்றன. 1963இல் சரணாலயமாகவும், 2003இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது.

ஆனால் அங்கே போகிறவர்களில் புறாவைப் பார்க்கிறவர் குறைவு. எல்லோரும் தலையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். இந்தப் பூங்காவில் சுமார் 100 வகை முருகைக்கற்களும் (பவளப்பாறை என்றும் சொல்வார்கள்) 300 வகை மீன்களும் பதிவாகியிருக்கின்றன. மான்கொம்புபோலக் கிளைத்தவை, மேசைபோல விரிந்தவை, மூளைபோல மடிந்தவை என்று முருகைக்கல் ஒவ்வொன்றும் ஒரு சாயல். கிளிமீன்கள் கல்லைக் கடித்துக் கொறிக்கும் சத்தம் தண்ணீருக்குள் நன்றாகக் கேட்கும். முதல் முறை கேட்டபோது என் முகக்கண்ணாடிதான் உடைகிறதோ என்று பயந்தேன்.

நீச்சல் தெரியாது. போகலாமா?

போகலாம். உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் குப்புற மிதந்தாலே மீன் தெரியும். அங்கி பழையதாக, வார் அறுந்ததாக இருந்தால் வேறு கேட்டு வாங்குங்கள். கூச்சப்பட வேண்டாம். விடியற்காலையில் போவது நல்லது. பகல் ஏற ஏறக் காற்றும் ஏறும், மணல் கலங்கும், ஆட்களும் கூடுவார்கள். வார இறுதியும் போயா என்ற பௌர்ணமி விடுமுறையும் வந்தால் நான் அந்தப் பக்கமே போவதில்லை. டிக்கெட்டை நிலாவெளிக் கரையில் வனஜீவராசிகள் திணைக்களத்தின் கருமபீடத்தில் எடுக்க வேண்டும். படகுக் கூலி அதற்குப் புறம்பு. இரண்டையும் சேர்த்து முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் விலை மலைக்கும் மடுவுக்கும் இருக்கும். வெளிநாட்டில் இருந்து வரும் நம்மவர்கள் அடையாள அட்டை இருந்தால் கொண்டு வரட்டும்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். முருகைக்கல்லின் மேல் நிற்காதீர்கள். பேர்தான் கல், அது உயிர். சின்னஞ்சிறு பிராணிகள் கூட்டமாக இருந்து, வருடத்துக்குச் சில சென்ரிமீற்றர் வீதம் கட்டுகிற வீடு அது. ஒருமுறை கால் தவறி நானே ஒரு கிளையை முறித்திருக்கிறேன். அது என் முழங்காலைக் கிழித்தது. காயம் ஆறத் தாமதமாகி மூன்று கிழமை நொண்டிக்கொண்டு திரிந்தேன். யார் யாருக்குச் செய்த கெடுதல் பெரிது என்று கேட்டால், அந்தக் கிளையை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது.

அங்கே சுறா இருக்கிறதாமே?

இருக்கிறது, அதற்காகத்தானே ஆட்கள் போகிறார்கள்! செட்டை நுனியில் மை தொட்டதுபோல் கறுப்பாக இருக்கும் சுறா. ஒரு மீற்றர், ஒன்றரை மீற்றர் நீளம். ஆழமில்லாத தண்ணீரில் காலையில் வட்டமிடும். மனிதரைக் கண்டால் விலகிப் போகிற சாதி. துரத்தினால் தொலைந்துவிடும், அசையாமல் மிதந்தால் கிட்ட வரும். ஒரு பக்கக் கரையில் முருகைக்கல், மறுபக்கத்தில் சுறா என்று படகுக்காரர்கள் பிரித்துச் சொல்வார்கள். அவர்கள் சொல்லும் இடத்தில் இறங்குங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் அழுங்காமையோ பச்சை ஆமையோ கூட வந்து எட்டிப் பார்க்கும். தொடக்கூடாது, மேலே ஏறிச் சவாரி போகவும் கூடாது. சிரிக்காதீர்கள், முயற்சி செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கோயிலில் நின்றே திமிங்கிலம் பார்க்கலாம் என்பது உண்மையா?

உண்மை. ஆனால் பொறுமை வேண்டும், தொலைநோக்கிக் கண்ணாடியும் வேண்டும். எங்கள் துறைமுகம் ஏன் அவ்வளவு ஆழம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். கொட்டியாரக் குடாவில் தொடங்கி ஒரு பெரும் பள்ளத்தாக்கு கடலுக்கு அடியில் ஓடுகிறது. வெளியே போகப் போக அதன் ஆழம் 3,000 மீற்றரைத் தாண்டுகிறது. மற்ற ஊர்களில் நாள் முழுக்க ஓடினால்தான் கிடைக்கும் ஆழம் இங்கே வாசலிலேயே இருக்கிறது. ஆழ்கடல் திமிங்கிலங்கள் கரைக்குக் கிட்ட வருவதற்குக் காரணம் அதுதான். 1980களின் தொடக்கத்தில் துலிப் என்ற பாய்க்கப்பலில் வந்த ஆய்வாளர்கள் இந்தக் கடலில் திமிங்கிலங்களைப் பின்தொடர்ந்து பதிவு செய்தார்கள். அதற்குச் சற்று முன், 1979இல், இந்து சமுத்திரம் திமிங்கில வேட்டைக்குத் தடையான சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருந்தது.

கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலையின் செங்குத்துப் பாறை ஓரம், இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவுக்குப் பக்கமாக, ஏப்ரல் மாதக் காலைப்பொழுதில் கடல் கண்ணாடிபோல் இருக்கும்போது நின்று பாருங்கள். திமிங்கிலத்தைத் தேட வேண்டாம், அதன் மூச்சைத் தேடுங்கள். நீலத்திமிங்கிலம் விடும் மூச்சு தென்னை உயரத்துக்கு நேராக எழும்பி நிற்கும். பெருந்தலையன், அதாவது எண்ணெய்த் திமிங்கிலம், முன்பக்கமாகச் சாய்த்து ஊதும்; பிறகு வாலை உயர்த்திக்கொண்டு முங்கினால் முக்கால் மணித்தியாலம் காணாமல் போய்விடும். நான் கண்டது இத்தனை வருடத்தில் ஐந்தாறு தரம்தான். கூட்டமாகப் பாய்ந்து சுழலும் ஓங்கில்களை, டொல்பின் என்றால் எல்லோருக்கும் விளங்கும், அதைவிடச் சுலபமாகக் காணலாம்.

படகில் போவதென்றால் உப்புவெளியில் இருந்தும் நிலாவெளியில் இருந்தும் விடியற்காலையில் புறப்படுவார்கள். 100 மீற்றருக்குக் கிட்டப் போகக்கூடாது என்பது சட்டம். படகுக்காரரிடம் "அண்ணை, துரத்த வேண்டாம், எஞ்சினை நிற்பாட்டிவிட்டு இருப்போம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். காசு கொடுக்கிறவர்கள் ஆசைப்படுவதால்தான் அவர்கள் துரத்துகிறார்கள். இந்தப் பக்கம் வரும் நீலத்திமிங்கிலங்கள் தென்துருவத்து இனத்தைவிடச் சிறியவை. சிறியவை என்றாலும் இரண்டு சீரிபி பஸ்ஸை வரிசையாக விட்ட நீளம்.

நகரத்துக்குள் மான் திரிகிறதாம்?

பிரெட்றிக் கோட்டை வாசலைத் தாண்டிய உடனே கண்டுவிடுவீர்கள். ஆலமர நிழலில், ஓட்டோக்களுக்கு நடுவில், அர்ச்சனைக் கடைகளின் வாழைப்பழத் தோலுக்குக் காத்துக்கொண்டு புள்ளிமான்கள் நிற்கும். இரவில் மைதானத்தடிக்கும் கடற்கரைக்கும் வரும். போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் பிடித்து, ஆங்கிலேயர் பெயர் வைத்த கோட்டையை இப்போது ஆள்வது மான்கள்தான் என்று அப்பா பகிடியாகச் சொல்வார்.

பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். பிஸ்கட்டும் பாணும் கொடுக்காதீர்கள். அதைவிட மோசம், தின்பண்டம் இருந்த பொலித்தீன் பையை எறிவது. உப்பும் எண்ணெயும் மணக்கும் பையை மான் அப்படியே விழுங்கும். அது வயிற்றில் அடைத்துக்கொண்டால் மான் பசியிலேயே சாகும். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் உடனே விளங்கிக்கொள்கிறார்கள். பெரியவர்களுக்குத்தான் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருக்கிறது.

யானை பார்க்க எங்கே?

கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் போக வேண்டும். கவுடுல்ல, மின்னேரியா இரண்டும் பொலன்னறுவை மாவட்டத்தில் இருக்கும் தேசியப் பூங்காக்கள். எங்கள் ஊரில் இருந்து காலையில் வெளிக்கிட்டு இரவு திரும்பலாம். கோடையில் குளம் வற்ற வற்ற, அடியில் இளம்புல் முளைக்கும். சுற்றுக்காடு எல்லாம் காய்ந்திருக்கும்போது அந்தப் புல்லுக்காக ஓகஸ்ட், செப்டெம்பரில் யானைகள் நூற்றுக்கணக்கில் கூடும். மாலை மூன்று மணிக்குமேல் ஜீப்பில் போனால், பாட்டியானை முன்னே போகக் குட்டிகளைக் கால்களுக்கு நடுவே விட்டுக்கொண்டு குடும்பம் குடும்பமாகக் காட்டில் இருந்து இறங்கி வரும். அந்தக் காட்சிக்கு முன்னால் பேசிக்கொண்டிருக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது.

எந்தப் பூங்கா என்பதை அன்றைக்கு ஜீப்காரரிடம் கேளுங்கள். குளத்தில் தண்ணீர் கூடினால் புல் மூழ்கிவிடும், யானைகள் மற்றக் குளத்துக்கு மாறிவிடும். கொம்பன் யானையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். இலங்கையில் ஆண் யானைகளிலேயே பத்தில் ஒன்றுக்குக்கூடத் தந்தம் இல்லை.

2011இல் நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்பில் 5,879 யானைகள் எண்ணப்பட்டன. இந்தச் சின்னத் தீவுக்கு அது பெரிய தொகை. வயலும் தண்டவாளமும் வீதியும் அவற்றின் வழியில்தான் இருக்கின்றன. 2025 பெப்ரவரியில் ஹபரணைக்குக் கிட்ட ஒரே ரயிலில் மோதி 6 யானைகள் செத்தன. கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையே இரவில் மோட்டார் சைக்கிளில் வராதீர்கள். வீதியோரம் நிற்கும் யானைக்குப் பழம் எறியாதீர்கள். பழக்கப்பட்ட யானை அடுத்த வாகனத்தை மறித்துக் கேட்கும்.

பறவை பார்க்கிறவர்களுக்கு?

நவம்பருக்குப் பிறகு வாருங்கள், வடக்கே கொக்கிளாய்க்குப் போங்கள். குச்சவெளி, புல்மோட்டை வழியாகக் கடலோரமாகவே போகும் வீதி. கொக்கிளாய்க் களப்பு 1951இல் சரணாலயம் ஆனது. பெயரிலேயே கொக்கு இருக்கிறது. நாரை, கூழைக்கடா, உள்ளான் எல்லாம் உண்டு. பூநாரைகள் வந்த வருடத்தில் தூரத்தில் யாரோ இளஞ்சிவப்புச் சேலை காயப்போட்டதுபோல் இருக்கும். அவ்வளவு தூரம் முடியாதவர்கள் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி மூதூர்ப் பக்கம் போகலாம். 2009இல் திறந்த, 396 மீற்றர் நீளமான பாலம்; அதற்கு முன் பாதை என்று சொல்லும் மிதவைப் படகில் ஏறிக் கடக்கக் காத்து நின்ற கதையை எங்கள் வயதுக்காரர் எல்லோரும் வைத்திருக்கிறோம். மலைநாட்டில் பிறந்து 335 கிலோமீற்றர் ஓடி வரும் மகாவலி, கொட்டியாரக் குடாவில்தான் கடலைச் சேர்கிறது. ஆற்றுவாயில் கண்டல் காடு, மீன்கொத்தி, நீர்க்காகம். முதலையும் உண்டு, ஆகவே கால் நனைக்கிற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

வீட்டைவிட்டே வெளிக்கிட முடியாதென்றால், குளிர்காலத்து மாலை ஆறு மணிக்கு வளவுக்குள் காது கொடுத்துப் பாருங்கள். "விட்-டியூ" என்று இரண்டு துண்டாக விசிலடிப்பது ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரப் பக்கமிருந்து வந்து, எங்கள் வேலிக்கரையில் சருகு கிளறிக்கொண்டு நிற்கும் விருந்தாளி.

கன்னியாவும் இதில் சேருமா?

மிருகம் இல்லை, ஆனாலும் போகாமல் விட முடியாது. நகரத்தில் இருந்து சுமார் எட்டுக் கிலோமீற்றர். ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. இராவணன் தாய்க்குக் கடமை செய்ய வாளால் ஊன்றிய இடங்கள் என்பது ஊர்க்கதை. இலங்கையில் எரிமலை கிடையாது. நிலத்துக்குள் ஆழ இறங்கிய தண்ணீர் அங்குள்ள சூட்டில் காய்ந்து, பாறை வெடிப்பு வழியாக மேலே வருகிறது. வாளியில் அள்ளிக் குளிக்கலாம். காலை ஏழு மணிக்குப் போங்கள். மத்தியானக் கச்சானில் வெந்நீர்க் குளிப்பு ஒரு தண்டனை.

பாம்பு, அட்டை பயம்?

கோடையில் அட்டை இல்லை, அது மழைக்காட்டின் சொத்து. உண்ணி இருக்கும். பற்றைக்குள் போனால் நீளக் காற்சட்டை போட்டு, வீட்டுக்கு வந்ததும் உடம்பைப் பாருங்கள். பாம்பு என்றால் கண்ணாடி விரியன், சுருட்டை, நாகம் எல்லாம் இந்தக் காட்டில் உண்டு. இரவில் டோர்ச் இல்லாமல் நடக்க வேண்டாம். கடித்தால் கட்டுப்போட்டு, கீறி, மருந்தரைத்து நேரத்தைக் கடத்தாமல் நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்கு.

இரண்டே நாள்தான் இருக்கிறது. எதை விடலாம்?

கடற்கரையில் படுத்துக் கிடப்பதை விடலாம். முதல் நாள் விடிய புறாமலை, பின்னேரம் கோட்டையும் கோயிலும். இரண்டாம் நாள் காலை கன்னியா, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கவுடுல்ல. வழியில் கந்தளாய்க் குளக்கட்டில் அரைமணி நேரமாவது நில்லுங்கள். சட்டியில் எருமைத்தயிர் விற்பார்கள், ஒன்றுக்கு இரண்டாக வாங்குங்கள்.

வீட்டுக்கு என்ன கொண்டுபோகலாம்?

சங்கு, முருகைக்கல், ஆமை ஓடு வேண்டாம். கரையில் ஒதுங்கிக் கிடந்தது என்று சொன்னாலும் முருகைக்கல்லும் ஆமையோடும் சட்டப்படி குற்றம், விமானநிலையத்தில் பிடித்தால் பயணமும் போகும். கச்சான் காலத்தில் வந்திருந்தால் வீதியோரம் பாலைப்பழம் விற்கிறார்களா என்று பாருங்கள். மஞ்சளாக, விரல் நுனியளவு, தேனாக இனிக்கும். கரடிகூட இதற்காக மரம் ஏறும். பால் உதட்டில் பசைபோல் ஒட்டிக்கொள்ளும். சாப்பிடுவதற்கு முன் உதட்டில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். கனடாப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல மறந்து, போன வருடம் நான்கு பேரும் ஒரு பின்னேரம் முழுக்க வாயைத் துடைத்துக்கொண்டு திரிந்தார்கள்.